நாலு சில்லும் இழுக்கிற கார்

இந்தாரும் தம்பி, கதவைத் திறந்து பாரும். பயப்பிடாதையும், கடிக்காது. பெரிய ஜீப்புமில்லை, சின்னக் காருமில்லை, ரெண்டுக்கும் நடுவில. ஏறி இருந்தால் றோட்டு முழுக்கத் தெரியும், பார்க் பண்ணேக்க சின்ன இடத்துக்குள்ள அடங்கும். ஓல் வீல். நாலு சில்லும் இழுக்கும். மூண்டு வருசம்தான் ஓடினது, ஒரு கீறல் கிடையாது. உந்தப் பின் பம்பரைப் பாக்காதையும். உது கீறல் இல்லை, சங்கிலி உரஞ்சினது. அது வேற கதை.

என்ன கேட்டனீர்? வின்ரர் ரயர் இருக்கோ எண்டோ?

சரி. டிரைவர் சீற்றில ஏறி இரும், நான் இந்தப் பக்கத்தால ஏறுறன். ஹீற்றரைப் போடும், குளிருது. விளம்பரம் பாத்து இவ்வளவு தூரம் வந்தனீர், பாவம், படிச்ச பிள்ளை மாதிரியும் இருக்கிறீர். உம்மட வாயாலையும் அந்தச் சொல்லுத்தானே வருது. கனடாவுக்கு வந்து எத்தினை வருசம்? ரெண்டோ? அப்ப உமக்கு ஒண்டும் தெரியாது. நான் வந்து முப்பத்தொரு வருசம். பீட்சா குடுத்திருக்கிறன், பேப்பர் போட்டிருக்கிறன், பேக்கரிப் பாண் ஏத்திற லொறி ஓட்டியிருக்கிறன், எல்லாம் இந்த ஸ்னோவுக்குள்ளதான். என்னட்டை வந்து வின்ரர் ரயரோ!

வின்ரர் ரயர் எண்டது பயந்தாங்கொள்ளியளுக்கு விக்கிற சாமான். முன் ரெண்டு சில்லு மட்டும் இழுக்கிற காருக்கு அது வேணும், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. இதுக்கு எதுக்கு? முன்சில்லு வழுக்கினால் பின்சில்லுக்கு இழுவை போகும். தானாப் போகும். உந்தப் பட்டனைப் பாரும், ஸ்னோவுக்கெண்டே ஒரு ஓட்டம் வைச்சிருக்கிறான். எத்தினை மூளைசாலியள் இருந்து யோசிச்ச வேலை! ஆனால் இஞ்ச ஸ்காபரோவில ஒருத்தர் இருக்கிறார், அவையளை விட மூளை. குளிர் கூடினால் ரப்பர் இறுகுமாம், சாதா ரயர் பிடிக்காதாம், நாலு சில்லு இழுத்தாலும் நிப்பாட்டிறது ரயர்தானாம். அவர் ஆரெண்டு கேளும். என்ர மனிசியின்ர தம்பி. நேசராசா. நேசன் எண்டு கூப்பிடுறது.

நேசனைப் பற்றிச் சொன்னால் நீர் சிரிப்பீர். அம்பத்தாறு வயசு. பன்ரண்டு வருசப் பழைய கார், கதவடியெல்லாம் துரு. அதுக்கு ஒவ்வொரு வருசமும் தீபாவளி முடிஞ்ச அடுத்த நாள் வின்ரர் ரயர் பூட்டுவார். விரதம் பிடிக்கிற மாதிரி, நாள் தவறாது. கறுத்த இரும்புச் சில்லு, பாக்கச் சோத்துச் சட்டி அடிப்பிடிச்ச மாதிரி இருக்கும். டிக்கியைத் திறந்தால் ஒரு மண்வெட்டி, ஒரு கம்பளி, ஒரு மூட்டை பூனை மண். ஓம் தம்பி, பூனை இருக்கிற மண். வீட்டில பூனையும் இல்லை. சில்லு சுத்தினால் கீழ போடுறதுக்காம்.

இன்னும் கேளும். முதல் ஸ்னோ கொட்டின அண்டைக்கு, ஞாயிற்றுக்கிழமை காலமை, கடையள் திறக்க முந்தி, வெறும் பார்க்கிங் லொட்டுக்குப் போவார். போய்ப் பிறேக்கை அடிச்சு அடிச்சுப் பாப்பார், எவ்வளவு தூரத்தில நிக்குது எண்டு. ஸ்டியரிங்கை ஒடிச்சுப் பாப்பார், எந்தப் பக்கம் இழுபடுது எண்டு. நரைச்ச தலையோட சறுக்கி விளையாடுறார். எனக்கு வெக்கமாக் கிடக்கும், தெரிஞ்ச ஆக்கள் கண்டால் என்ன நினைப்பினம்? நான் இதை வாங்கின வருசம் என்னையும் கூப்பிட்டவன். "அத்தான், ஒருக்கால் கொண்டு வந்து பிடிச்சுப் பாருங்கோ. கிளம்புறது வேற, நிப்பாட்டுறது வேற" எண்டான். நான் சொன்னன், "தம்பி, நீ சேர்ட்டுப் பொத்தான் பூட்டத் தெரியாமல் திரியேக்க நான் இந்த நாட்டில பிறேக் பிடிச்சவன்" எண்டு. வாயை மூடினான். அவனோட அதுதான் கரைச்சல். ஒரு சொல்லு எதிர்த்துக் கதைக்க மாட்டான். மனிசன் எண்டால் ஒரு ரோசம் வேண்டாமே?

ஏன் விக்கிறன் எண்டு கேக்கிறீர். சொல்லுறன், அவசரப்படாதையும். காரில ஒரு பிழையும் இல்லை. பிழை எல்லாம் சனத்தில.

எனக்கு ஒரே ஒரு தங்கச்சி, தவமணி. அவளுக்கு ஒரே ஒரு பெட்டை, சாருஜா. பெட்டைக்குப் பதினாலு வயசா இருக்கேக்க தேப்பன் வேலை செய்யிற இடத்திலயே நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்து செத்துப் போனார். அண்டையில இருந்து அந்தக் குடும்பத்துக்கு எல்லாம் நான்தான். பெட்டையைக் கார் லைசன்ஸுக்குப் பழக்கினதே நான். அவளும் "மாமா, மாமா" எண்டு உயிர். கலியாணம் பேசின உடன வந்து என்ர கையைப் பிடிச்சுச் சொன்னவள், "மாமா, நீங்கள்தான் என்னைத் தாரை வாத்துக் குடுக்கவேணும்." அண்டைக்கு நான் அழுதனான் தம்பி. ஆம்பிளை எண்டு பாக்காமல் அழுதனான். பொம்பிளையின்ர கையை மாப்பிளையின்ர கையில வைச்சுத் தண்ணி விட்டுக் குடுக்கிறது தேப்பனுக்கு உரியது. அது எனக்குக் கிடைக்குது. பட்டு வேட்டி எடுத்தன். கண்ணாடிக்கு முன்னால நிண்டு செம்பு பிடிச்சுப் பழகினன்.

தவமணி வந்தவள் ஒரு நாள். "அண்ணை, நானும் ஒரு கரையில நிக்கட்டே" எண்டாள். நான் வடிவா எடுத்துச் சொன்னன். "தவம், புருசன் இல்லாதவள் மணவறைக்குக் கிட்ட வரக்கூடாது. நாலு சனம் நாலு விதமாக் கதைக்கும். நீ மூண்டாவது வரிசையில இரு, அங்கயிருந்து நல்லாத் தெரியும்" எண்டு. நான் கோவமாச் சொல்லேல்லை, அன்பாத்தான் சொன்னனான். அவளும் தலையாட்டினாள். புரிஞ்சு நடக்கிற பிள்ளை அவள்.

மாப்பிளைப் பெடியன் லண்டன், அவனுக்கு லீவு தை மாசம்தான். சாதகத்துக்குப் பொருந்தின நாளும் தையிலதான் வந்தது. முகூர்த்தம் பத்து இருவத்தஞ்சில இருந்து பதினொண்டரை வரைக்கும். மண்டபம் ஒசாவாவுக்கும் அங்கால, காட்டுப் பக்கம். மலிவாக் கிடைச்சுது எண்டு மாப்பிளை வீட்டார் எடுத்தவை. நான் அப்பவே சொன்னனான், காட்டுக்குள்ள கலியாணம் வைக்கிறதுக்கு நாங்கள் என்ன வனவாசமோ எண்டு. ஆர் கேட்டது?

குருக்களைக் கூட்டிக்கொண்டு வாற பொறுப்பை முதல் நேசனிட்டைக் குடுத்திருந்தவை. கேட்ட உடன எனக்குப் பத்திக்கொண்டு வந்திது. முதல் நாள் பின்னேரம் ஸ்னோ தொடங்கியிட்டுது. அந்தத் துருப்பிடிச்ச தகரத்திலயோ குருக்களை ஏத்திறது? நான் குருக்களுக்கே போன் எடுத்தன். "ஐயா, என்னட்டை ஓல் வீல் இருக்கு. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கோ." "நேசன் நிதானமா ஓட்டுவாரே" எண்டு இழுத்தார். "நிதானமா ஓட்டினால் முகூர்த்தம் முடிய மாலை போடத்தான் போவியள்" எண்டன். ஒத்துக்கொண்டார்.

அண்டைக்குக் காலமை எட்டு மணிக்கு வெளிக்கிட்டம். முன்னுக்குக் குருக்கள், பின்னுக்கு என்ர மனிசி மனோ. அவளுக்குப் பக்கத்தில ஓமகுண்டம், தர்ப்பை, சமித்து, ஒரு வாளி நெய். வெளியில மைனஸ் பதினொண்டு. வீட்டு வாசலில முழங்கால் அளவுக்கு ஸ்னோ கிடக்குது, நான் வழிக்கக்கூட இல்லை. பட்டனை அமத்தினன், வெண்ணையில கத்தி போன மாதிரி ஏறி வந்திது. குருக்களைத் திரும்பிப் பாத்தன். "பாத்தியளோ ஐயா?" எண்டன். "சிவ சிவா" எண்டார். அது பாராட்டுத்தான்.

பெரிய றோட்டில சனம் ஊருது தம்பி! நாப்பதிலயும் முப்பதிலயும். எல்லாரும் லைற்றைச் சிமிட்டிக்கொண்டு, செத்தவீட்டு ஊர்வலம் போற மாதிரி. லைசன்ஸை ஆர்தான் இவையளுக்குக் குடுக்கிறாங்களோ தெரியாது. எனக்குப் பொறுக்கேல்லை. இறங்கித் தோட்டப் பக்கத்து றோட்டைப் பிடிச்சன். அங்க ஒரு பூச்சி இல்லை. ஸ்னோ கரைய உப்பும் போடேல்லை, வரி மட்டும் வாங்குவாங்கள். ஆனால் கார் என்ன பிடி பிடிச்சுது தெரியுமே? எண்பதில போறன், அசையேல்லை. மனோ பின்னாலயிருந்து "மெதுவாப் போங்கோ, மெதுவாப் போங்கோ" எண்டு ஒரே அரியண்டம். "உனக்கு என்னடி தெரியும், இழுவை நாலு சில்லுக்கும் போகுது" எண்டன்.

அதில ஒரு இறக்கம். இறக்கத்தின்ர அடியில ஒரு வளைவு, வளைவில ஒரு நிப்பாட்டுப் பலகை. நான் பிறேக்கை வைச்சன். கால் அடியில கட கட கட எண்டு அடிக்குது, புதுப் பிறேக் அப்பிடித்தான் விட்டு விட்டுப் பிடிக்கும், அது நல்லது. ஆனால் கார் நிக்கேல்லை. ஸ்டியரிங்கை வளைச்சன். சில்லு வளையுது, கார் வளையேல்லை. நேராப் போகுது. குருக்கள் டாஷ்போட்டை ரெண்டு கையாலும் பிடிச்சுக்கொண்டு முருகா எண்டார். பலகையைத் தாண்டி, றோட்டைத் தாண்டி, அங்கால றோட்டோரக் கானுக்குள்ள, பள்ளத்தில போய்ப் படுத்துது.

ஆருக்கும் ஒண்டும் இல்லை. அதைச் சொல்லும் பாப்பம், அது காரின்ர கெட்டித்தனம் இல்லையோ? நெய் வாளி மட்டும் கவிண்டு போச்சு. மனோவின்ர கூறைச்சீலையிலையும் குருக்களின்ர சால்வையிலையும் நெய். ஆனைக்கும் அடி சறுக்கும். அந்த இறக்கத்தில கண்ணுக்குத் தெரியாத கறுப்பு ஐஸ், ஆர் ஓட்டினாலும் அதுதான் நடக்கும்.

மணி ஒம்பது. நான் பதறேல்லை. பட்டனை அமத்தினன், பின்னுக்குப் போட்டன். நாலு சில்லும் சுத்துது. வடிவாச் சுத்துது! முன்னுக்குப் போட்டன், சுத்துது. பின்னுக்கு, சுத்துது. காரின்ர வயிறு ஸ்னோவில இருந்தபடியால் சில்லுக்குப் பிடி இல்லை. அதுக்குக் கார் என்ன செய்யும்?

அப்ப மேட்டில ஒரு கார் தெரிஞ்சுது. மெல்ல மெல்ல இறங்கி வருது. துருப்பிடிச்ச கதவு. ஆரெண்டு நினைக்கிறீர்? நேசன். எப்பிடி வந்தவன்? பேந்துதான் எனக்குத் தெரியும், என்ர மனிசி முதல் நாளே ரகசியமாப் போன் எடுத்து, "தம்பி, எங்களுக்குப் பின்னால வா" எண்டு சொல்லி வைச்சிருக்கிறாள். முப்பத்தாறு வருசம் என்னோட சீவிச்சவள்! அவன் அதே இறக்கத்தில, அதே ஐஸில வந்து, பலகைக்கு முன்னால அப்பிடியே நிண்டான். அதிர்ஷ்டம் எண்டு ஒண்டு சில பேருக்கு இருக்கு.

இறங்கி வந்தான். குருக்களைக் கைப்பிடிச்சு மேல ஏத்தினான், மனோவை ஏத்தினான், ஓமகுண்டத்தை ஏத்தினான். பிறகு என்னட்டை வந்தான். "அத்தான், ஏறுங்கோ. ஒருத்தருக்கு இடம் இருக்கு. இதைப் பிறகு இழுப்பிப்பம்" எண்டான்.

நீரே யோசியும். மண்டபத்தில முந்நூறு சனம். பொம்பிளையின்ர மாமன், ஓல் வீல் கார் வைச்சிருக்கிறவன், எல்லாருக்கும் ரெண்டு வருசமா அதைப் பற்றிச் சொன்னவன், நேசன்ர தகரத்தின்ர பின் சீற்றால இறங்கிறதோ? "நீ போ, நான் அஞ்சு நிமிசத்தில வெளியில எடுத்துக்கொண்டு உனக்கு முன்னால நிப்பன்" எண்டன். மனோ கண்ணாடியை இறக்கிக் கத்தினாள். "விசர் வேலை பாக்காதையுங்கோ! பிள்ளையைத் தாரை வாத்துக் குடுக்க வேண்டியது நீங்கள்! அவள் உங்களைப் பாத்துக்கொண்டு இருப்பாள்!" "எனக்குத் தெரியும், போ" எண்டன். நேசன் பின்னுக்குப் போனான். டிக்கியைத் திறந்து மண்வெட்டியையும் பூனை மண் மூட்டையையும் எடுத்து எனக்குப் பக்கத்தில வைச்சிட்டுப் போனான். பாத்தீரே அவன்ர திமிரை?

நான் அதைத் தொடேல்லை. அது வேற விசயம். கையால தோண்டினன், கால்மிதியைச் சில்லுக்குக் கீழ குடுத்தன். கால்மிதி பறந்து போய்த் தோட்டத்துக்குள்ள விழுந்திது. ஒம்பதரை, பத்து. பட்டு வேட்டி முழங்கால் வரைக்கும் நனைஞ்சு பலகை மாதிரி விறைச்சுப் போச்சு. இழுக்கிற லொறிக்குப் போன் எடுத்தால், இண்டைக்கு எல்லாரும் கானுக்குள்ளதான், ரெண்டு மணித்தியாலம் ஆகும் எண்டுறான். பத்தரைக்கு மனோ போன் எடுத்தாள். "வெளியில எடுத்திட்டியளோ? நேசன் திரும்ப வரட்டோ?" "வேண்டாம், இந்தா வந்திட்டன்" எண்டன். பதினொண்டுக்குத் திரும்ப எடுத்தாள். "இந்தா வந்திட்டன்" எண்டன். பதினொண்டு பத்துக்குச் சாருஜா எடுத்தவள். மணவறையில இருந்துகொண்டே. "மாமா, எங்க நிக்கிறியள்?" எண்டு கேட்டாள். அவளுக்கு மட்டும் என்னால பொய் சொல்லேலாமல் போச்சு. "கானுக்குள்ள நிக்கிறன் பிள்ளை" எண்டன். "சரி மாமா, கவனம்" எண்டிட்டு வைச்சாள்.

பிறகு நடந்தது மற்ற ஆக்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குருக்கள் மணியைப் பாத்திருக்கிறார், தாரை வாக்க ஆர் எண்டு கேட்டிருக்கிறார். பெரியாக்கள் சேந்து, நேசனும் அவன்ர மனிசியும் நிக்கட்டும் எண்டு சொல்லியிருக்கினம். நேசன் மாட்டன் எண்டவனாம். "அது அத்தானுக்கு உரிய இடம்" எண்டவனாம். நடிப்பு! அப்ப இந்தப் பெட்டை என்ன செய்தவள் தெரியுமோ? மணவறையால எழும்பி இறங்கி, சனம் பாக்கப் பாக்க மூண்டாவது வரிசைக்கு நடந்து போய், தேப்பன் இல்லாத பிள்ளை, தாயின்ர கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்திட்டாள். "என்னை வளத்தது அம்மா. அம்மா தருவா" எண்டு.

ஊர் உலகத்தில நடக்கிற காரியமே? புருசன் இல்லாதவள் மணவறையில! குருக்களாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமே? அவர் என்ன சொன்னவர் தெரியுமோ? "வாங்கோ அம்மா, நேரம் போகுது" எண்டவர். அவருக்கு என்னில கோவம் தம்பி, நெய் ஊத்துப்பட்ட கோவம். அதைத்தான் அப்பிடித் தீர்த்தவர். சாஸ்திரம் படிச்ச மனிசன் ஒரு சால்வைக்காகச் சாஸ்திரத்தைக் கைவிட்டிட்டார்.

நான் போய்ச் சேரேக்க பன்ரண்டேகால். லொறிக்காரன் காரைச் சங்கிலியில தூக்கிக்கொண்டு மண்டப வாசலில கொண்டு போய் நிப்பாட்டினான், நான் அவனுக்குப் பக்கத்தில இருக்கிறன். வாசலில நிண்ட சின்னன் பொன்னனெல்லாம் போனைத் தூக்கிப் படம் எடுக்குது. உள்ளுக்குச் சனம் பந்தியில. ஒருத்தரும் என்னை ஒண்டும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் நல்லதொரு மறுமொழி வைச்சிருந்தனான். கறுப்பு ஐஸ், உப்புப் போடாத றோட்டு, எல்லாம் வழியில யோசிச்சுக்கொண்டு வந்தனான். தவமணிதான் எழும்பி வந்தவள். நல்ல சீலை உடுத்தி, தலையில பூவும் வைச்சிருந்தவள். ஆர் வைச்சுவிட்டதோ தெரியாது. "அண்ணை, கால் விறைச்சிருக்கும். வாங்கோ, சாப்பிடுங்கோ" எண்டாள். அவ்வளவுதான். நான் இருந்து சாப்பிட்டன். என்ன கறி எண்டு இண்டைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அதுக்குப் பிறகு மனோ இந்தக் காரில ஏறுறதில்லை. பத்து மாசம். கோயிலுக்கெண்டாலும் டொக்டரிட்டை எண்டாலும் பஸ்ஸில போவாள், இல்லாட்டி தம்பிக்குப் போன் எடுப்பாள். சரி, போய்த் துலையட்டும், வித்துப்போட்டு வேற வாங்குவம் எண்டுதான் விளம்பரம் போட்டனான். காரில ஒரு குறையும் இல்லை. நீர் எடுத்துக்கொண்டு போம், வருசக்கணக்கா ஓடும்.

அண்டைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் நேசன்ர காரிலதான். வேற என்ன செய்யிறது, இதை லொறிக்காரன் அப்பிடியே கராஜுக்குக் கொண்டு போயிட்டான். நான் முன் சீற்றில, மனோ பின்னால நித்திரை. மண்டப வாசலில வெளிக்கிட முந்தித் தன்ர போனை என்னட்டைத் தந்தான். "அத்தான், தாரை வாத்தது இதில இருக்கு, பாருங்கோ" எண்டான். பாத்தன். தவமணி செம்பைப் பிடிச்சிருக்கிறாள், தண்ணி பாதி வெளியில போகுது. சாருஜா தாயைப் பாத்துச் சிரிக்கிறாள். தவமணியும் சிரிக்கிறாள். அழுதழுது சிரிக்கிறாள். புருசன் செத்துப் பதினொரு வருசம், நான் கிழமைக்கு ரெண்டு தரம் அந்த வீட்டுக்குப் போறனான் தம்பி. அவள் சிரிச்சு ஒரு நாளும் நான் காணேல்லை. மூண்டாவது வரிசையில இரு எண்டு சொன்னனானே, எண்டு ஒருக்கால் நினைச்சன். ஒருக்கால்தான்.

திரும்பப் போட்டுப் பாத்தன். அது முடிய இன்னொருக்கால் பாத்தன். எனக்குக் கண் தெரியாமல் போச்சு, போனை மடியில வைச்சிட்டு வெளியில பாத்துக்கொண்டு இருந்தன். நேசன் இன்னும் காரை எடுக்கேல்லை. நான் பாத்து முடியும் வரைக்கும் ஸ்டியரிங்கில கையை வைச்சுக்கொண்டு இருந்தவன். பிறகு மெல்ல எடுத்தான். வீடு வரைக்கும் ஒரு மணித்தியாலம். நான் அப்பவே சொன்னனானே அத்தான் எண்டு ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு அவன் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் நான் நல்லாத் திட்டியிருப்பன், எனக்கும் ஆறியிருக்கும். பேசாமலே கொண்டுவந்து இறக்கிப்போட்டுப் போனான், நாய். இண்டைக்கும் எனக்குப் பொறுக்கேலாமல் கிடக்கிறது அதுதான்.